100 மைல் சவாரியா? முதலில் அக்கா சொல்வதைக் கேள்

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி பிள்ளைகளைத் தூங்க வைத்துவிட்டுப் போனை எடுத்தாய். 'மூன்று மாதத்தில் 100 மைல், கைவிடப்பட்ட குதிரைகளுக்காக' என்று ஒரு பக்கம் கண்ணில் பட்டது. மனசு இளகிப் பெயரைக் கொடுத்துவிட்டாய். திங்கட்கிழமை காலையில் லாயத்துக்குப் போய், எட்டு மாதத்துக்கு முன்னால் மீட்பு அமைப்பிலிருந்து கூட்டிவந்த உன் நாலு வயசுக் குதிரையைப் பார்த்ததும்தான் வயிற்றைக் கலக்குகிறது.

இங்கிலாந்துக்கு வந்து பதினெட்டு வருஷமாக லாயத்திலும் சேற்றிலும் நிற்கிறேன். வசந்தகாலம் வந்தால் இதே முகத்தோடு யாராவது ஒருத்தர் என் முன்னால் வந்து நிற்பார்கள். கொஞ்சம் திட்டப்போகிறேன், கோபித்துக்கொள்ளாதே. இது முடியாத காரியம் ஒன்றும் இல்லை. ஆனால் பெயர் கொடுத்தது நீ. அந்தக் குதிரையை யாரும் கேட்கவில்லை. ஏற்கெனவே ஒருமுறை மனிதர்கள் அதைப் பட்டினி போட்டு, வயலில் விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். இரண்டாவது முறையும் மனிதர்களால் அதற்கு வலி வரக்கூடாது. கீழே நான் சொல்வதெல்லாம் இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

1. வயசை நிச்சயம் பண்ணிக்கொள்

உன் குதிரைக்கு வயசு என்ன? 'நாலு' என்று சட்டென்று சொல்லாதே. யார் சொன்னது? மீட்கப்பட்டு வரும் குதிரைகளில் பலவற்றுக்குப் பழைய பாஸ்போர்ட் இருக்காது. 2020 அக்டோபரிலிருந்து இங்கிலாந்தில் எல்லாக் குதிரைக்கும் மைக்ரோசிப் கட்டாயம் என்றாலும், சாலையோரத்தில் விட்டுவிட்டுப் போகிறவன் அதையெல்லாம் பார்ப்பதில்லை. அதனால் பல்லைப் பார்த்துத்தான் வயசு சொல்லியிருப்பார்கள். அது மதிப்பீடுதான். மூன்றா நாலா என்று சந்தேகம் வந்தால் மூன்று என்றே வைத்துக்கொள். குறைத்து நினைத்தால் நஷ்டம் இல்லை.

இது ஏன் முக்கியம் என்றால், குதிரையின் எலும்பு எல்லாம் ஒரே நேரத்தில் முற்றுவதில்லை. குளம்புக்கு மேலே இருக்கும் சின்ன எலும்புகள் முதலில் முற்றும். முன்னங்கால் முட்டிக்கு மேல்பக்கம் இரண்டரை வயசை ஒட்டி முற்றும். கடைசியில்தான் முதுகெலும்பு; ஐந்தரை, ஆறு வயசுகூட ஆகிவிடும். நீ உட்காரப்போவது அந்த முதுகில்தான். வெளியே பார்த்தால் வளர்ந்த குதிரை மாதிரி பளபளவென்று நிற்கும். உள்ளே இன்னும் பிள்ளைதான். வளரும் வயசில் பட்டினி கிடந்திருந்தால் இன்னும் கூடுதல் கவனம் வேண்டும்.

- மூன்று வயசு என்றால் ஏறவே ஏறாதே. 100 மைலையும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு கூடவே நட.
- நாலு வயசு என்றால் பாதியாவது நடந்து முடி. ஏறும் நாளில் நடை மட்டும். ஓட்டம், தாண்டல் எதுவும் வேண்டாம்.
- ஆறு தாண்டி, உடம்பும் தேறியிருந்தால், கீழே சொல்லும் கணக்குப்படி போகலாம்.

'நடந்தால் சவாரி ஆகுமா?' என்று முகத்தைச் சுளிக்காதே. நடத்திக் கூட்டிப்போகும் மைலையும் பல அறக்கட்டளைகள் கணக்கில் எடுத்துக்கொள்கின்றன. ஒரு மின்னஞ்சல் போட்டுக் கேள். வேலை முடிந்தது.

2. ஒப்பந்தத்தை எடுத்துப் படி

குதிரை வந்த சந்தோஷத்தில் கையெழுத்துப் போட்டு அலமாரியில் வைத்தாயே, அந்தக் காகிதம். வேர்ல்டு ஹார்ஸ் வெல்ஃபேர் போன்ற பெரிய அமைப்புகள் குதிரையை விற்பதில்லை, வளர்க்கக் கொடுக்கின்றன. சட்டப்படி குதிரை அவர்களுடையதாகவே இருக்கும். அவர்களுடைய ஆள் வந்து பார்ப்பார். சில குதிரைகளைத் துணைக்கு மட்டும், யாரும் ஏறக்கூடாது என்ற நிபந்தனையோடு கொடுப்பார்கள். அப்படி ஒரு வரி உன் காகிதத்தில் இருந்தால் பேச்சே இல்லை, நடைதான்.

வேர்ல்டு ஹார்ஸ் வெல்ஃபேர் எப்படி வந்தது தெரியுமா? ஏடா கோல் என்ற ஒரு பெண் 1911-ல் பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் துறைமுகத்தில், உழைத்து ஓய்ந்த பிரிட்டிஷ் குதிரைகளைக் கப்பலிலிருந்து இறக்கிக் கசாப்புக்கு ஓட்டிப்போவதைப் பார்த்தார். அதை நிறுத்த வேண்டும் என்று போராடி 1927-ல் தொடங்கியதுதான் இது. நீ யாருக்காகப் பணம் திரட்டுகிறாயோ, அவர்கள் எதற்காகப் பிறந்தார்கள் என்பது உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பணம் கொடுக்கிறவர் கட்டாயம் கேட்பார்.

3. கணக்குப் போடு

குதிரை நல்ல நடையில் மணிக்கு 4 மைல் போகும். 100 மைலுக்கு 25 மணி நேரம். மூன்று மாதம் என்றால் 12 வாரம் என்று வை. வாரத்துக்கு எட்டு மைலுக்குக் கொஞ்சம் மேலே, அதாவது இரண்டு மணி நேரம். 'இவ்வளவுதானா' என்று தோன்றுகிறதா? அங்கேதான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். முதல் மூன்று வாரம் மழை, வேலை, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒரு மைல்கூடப் போகாமல் விட்டுவிட்டு, கடைசி மாதத்தில் 60 மைலைக் குதிரையின் முதுகில் ஏற்றுவார்கள். அந்தத் தப்பை மட்டும் நீ செய்யாதே.

நான் போடும் கணக்கு இது. ஒவ்வொரு நாலாவது வாரமும் முழு ஓய்வு என்று நாட்காட்டியில் இப்போதே சிவப்பு மையில் எழுது. மிச்சம் ஒன்பது வாரம், வாரத்துக்கு 11 மைல். அதை மூன்று நாளாகப் பிரி. நடுவார நாளில் இரண்டு நாள், ஒவ்வொன்றும் மூன்று மைல். சனி அல்லது ஞாயிறு ஐந்து மைல். இதுதான் சராசரி. முதல் வாரங்களில் இதைவிடக் குறைவாக, பின்னால் கொஞ்சம் கூடுதலாக.

ஒரு வாரம் தவறிப்போனால் அடுத்த வாரம் இரட்டிப்பாகச் செய்து ஈடுகட்டாதே. தவறியது தவறியதுதான். கடைசியில் 82 மைலில் நின்றால் 82 மைல். யாரும் உன் வீட்டு வாசலில் வந்து சண்டை போடமாட்டார்கள்.

4. எடையை மறைக்காதே

இதைச் சொன்னால் எல்லோருக்கும் கோபம் வரும். பரவாயில்லை. ஏறுகிறவர், சேணம், தொப்பி, பூட்ஸ் எல்லாம் சேர்த்துக் குதிரையின் எடையில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக்கூடாது என்பது பொதுவாகச் சொல்லும் உச்ச வரம்பு. இளம் குதிரைக்கு அந்த உச்சத்தைத் தொடவே கூடாது. நான் 15 சதவீதத்தில் நிறுத்துவேன்.

உன் குதிரை கட்டையான காப் வகை, 400 கிலோ என்று வை. 15 சதவீதம் 60 கிலோ. சேணம் மட்டுமே எட்டு கிலோ போகலாம். மிச்சத்தை நீயே கழித்துப் பார். கணக்குக்குள் நீ வரவில்லை என்றால் அது உன் குற்றம் இல்லை, குதிரையின் குற்றமும் இல்லை. நீ நட, லேசான, அனுபவமுள்ள ஒருத்தரைச் சில நாள் ஏறச் சொல். குதிரையின் எடையைக் கண்ணால் குத்துமதிப்பாகச் சொல்லாதே. தீவனக் கடையில் எடை நாடா மலிவாகக் கிடைக்கும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை அளந்து தேதியோடு எழுது.

சேணம் பற்றி ஒரு வார்த்தை. தேறிவரும் குதிரையின் முதுகு மாதத்துக்கு மாதம் வடிவம் மாறும். ஜனவரியில் பொருந்திய சேணம் மே மாதம் தோளைக் கிள்ளும். சேணம் பொருத்துகிறவரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கூப்பிடு. ஆன்லைனில் பழைய சேணம் மலிவாகக் கிடைக்கிறதென்று வாங்கி, அடியில் மெத்தை மேல் மெத்தையாகப் போட்டுச் சரிக்கட்டுவது சிக்கனம் இல்லை. மிச்சம் பிடித்த காசு முதுகு வைத்தியத்துக்கே போய்விடும்.

5. ஏறுவதற்கு முன்னால் மூன்று பேரைக் கூப்பிடு

- கால்நடை மருத்துவர். 'இப்படி ஒரு காரியத்துக்கு ஒத்துக்கொண்டேன், இந்த உடம்பு தாங்குமா' என்று நேராகக் கேள். புழுவைப் பற்றியும் கேள். சாணத்தில் முட்டை எண்ணும் சோதனையில் ஒன்றும் தெரியாவிட்டாலும், குடல் சுவருக்குள் பதுங்கியிருக்கும் சின்னச் சிவப்புப் புழு அதில் அகப்படாது. கவனிப்பில்லாமல் கிடந்த குதிரைக்கு இது சாதாரணம்.
- பல் பார்ப்பவர். இரண்டரை வயசிலிருந்து நாலரை வயசுக்குள் குதிரைக்கு 24 பால் பற்கள் விழுந்து புதுப் பற்கள் முளைக்கும். வாய்க்குள் அவ்வளவு நடக்கும்போது இரும்பைத் திணித்தால் தலையை உதறாமல் என்ன செய்யும்? 'அடங்காத குதிரை' என்று பேர் வாங்கின பல குதிரைகளுக்குப் பல்வலிதான்.
- லாடம் அடிப்பவர். 1975-ம் வருஷச் சட்டப்படி பதிவு பெற்றவர் மட்டும்தான் இங்கே லாடம் அடிக்க முடியும். தெரிந்த பையன் குறைந்த காசுக்கு அடித்துத் தருவான் என்று யாராவது சொன்னால் கேட்காதே. சவாரியைத் தொடங்கும் நாளுக்கு ஒரு வாரம் முன்னால் அடித்துவிடு. முந்தின நாள் வேண்டாம். ஆணி ஒன்று நெருங்கிப் போயிருந்தால் தெரிய இரண்டு மூன்று நாளாவது வேண்டும்.

6. ஒரு வாரத்தில் ஒன்றை மட்டும் கூட்டு

மூச்சும் தசையும் சில வாரத்திலேயே தேறிவிடும். நரம்பு போல் இழுத்துப் பிடிக்கும் தசைநாணும் எலும்பும் தேற மாதக்கணக்கு ஆகும். ஐந்தாவது வாரத்தில் குதிரை துள்ளிக்கொண்டு நிற்கும். 'பாரேன், எவ்வளவு தெம்பு!' என்று நீ ஏமாந்து ஓட்டுவாய். கால் இன்னும் தயாராக இருக்காது.

அதனால் தூரத்தைக் கூட்டும் வாரத்தில் மேட்டைக் கூட்டாதே. மேடு ஏறும் வாரத்தில் வேகம் கூட்டாதே. தார் ரோட்டில் ட்ராட், அதாவது துள்ளோட்டம், வேண்டாம். ஒவ்வொரு அடியும் நேராக எலும்பில் இறங்கும். முதல் மூன்று வாரம் கையில் பிடித்துக்கொண்டு நட, அல்லது பின்னால் நடந்து இரண்டு நீளக் கயிறுகளால் ஓட்டு. உனக்கும் நடைப்பயிற்சி ஆச்சு. தனியாக ஜிம்முக்குப் போகும் நேரம் மிச்சம்.

ஒவ்வொரு முறையும் முதல் பத்து நிமிஷமும் கடைசிப் பத்து நிமிஷமும் ஏறாமல் கூடவே நட. நேரமில்லை என்றால் நடுவில் தூரத்தைக் குறை. இந்தப் பத்து நிமிஷத்தில் கை வைக்காதே.

7. பயத்தைப் பிடிவாதம் என்று சொல்லாதே

இதை நான் நீளமாகத்தான் சொல்வேன்.

என்னிடம் முதலில் வந்த ரெஸ்க்யூ குதிரை, கருப்பும் வெள்ளையுமான ஒரு பெட்டை காப். எல்லாவற்றுக்கும் அமைதி, கருப்புக் குப்பைப் பைக்கு மட்டும் நடுங்கும். ஒருநாள் எனக்கு நேரமாகிவிட்டது. பிள்ளையைப் பள்ளியில் கூப்பிட வேண்டும். வேலியோரம் ஒரு பை கிடந்தது. நான் காலால் உதைத்து, கடிவாளத்தை இழுத்து, அதைக் கடத்திக்கொண்டு வந்துவிட்டேன். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். மறுநாளிலிருந்து அந்தத் தெருவுக்குள்ளேயே அது காலை வைக்கவில்லை. பையைவிட என்னைப் பார்த்துத்தான் அதற்குப் பயம் அதிகமாகிவிட்டது. அந்த ஒரு பத்து நிமிஷத்தைச் சரிசெய்ய எனக்கு நாலு மாதம் ஆனது. இன்றைக்கும் நினைத்தால் மனசு வலிக்கிறது.

அதனால் கேள்:

- குதிரை நின்றுவிட்டால் நீயும் நில். பார்க்கட்டும். மூச்சு விடட்டும். தலை தாழ்ந்து, வாயை மென்றால் ஓர் அடி. போதும் என்று தோன்றினால் திரும்பி வா.
- காது பின்னால் படிவது, கண்ணின் வெள்ளை தெரிவது, வாய் இறுகுவது, வால் ஒட்டிக்கொள்வது. நாலில் இரண்டு தெரிந்தாலே போதும், அன்றைக்குப் புதிதாக எதையும் காட்டாதே.
- திடீரென்று குணம் மாறினால் முதல் கேள்வி 'எங்கே வலி?' என்பதுதான். சேணம், பல், முதுகு, வயிற்றுப் புண். இந்த நாலையும் பார்த்த பிறகுதான் பயிற்சியைப் பற்றிப் பேச்சு.
- குப்பைப் பை, குடை, தார்ப்பாய், பிள்ளைகளின் சைக்கிள் எல்லாவற்றையும் லாயத்திலேயே பழக்கு. தீவனத் தொட்டியிலிருந்து இருபது அடி தள்ளி வைத்து, தினம் கொஞ்சம் கிட்டே கொண்டுவா. உனக்குத் தனி நேரம் செலவாகாது. அது தின்னும்போதே நடந்துவிடும்.
- நேரமாகிவிட்ட நாளில் குதிரையை வெளியே எடுக்கவே எடுக்காதே. இது என் வீட்டுச் சட்டம். உன் வீட்டிலும் இருக்கட்டும்.

8. ரோட்டில் போகும்போது

2022 ஜனவரி 29 முதல் பிரிட்டனின் சாலை விதிநூலான ஹைவே கோட் மாறியிருக்கிறது. குதிரையைத் தாண்டும் கார் மணிக்கு 10 மைலுக்குள் வேகத்தைக் குறைத்து, குறைந்தது 2 மீட்டர் இடம் விட்டுப் போக வேண்டும். நல்ல விதிதான். ஆனால் எதிரே வருகிறவர் அதைப் படித்திருப்பார் என்று நம்பிக் குதிரையை நடு ரோட்டில் விடாதே.

- போக்குவரத்தோடு சேர்ந்து இடதுபக்கமே போ. நடைபாதையில் ஏற்றாதே.
- தனியாகப் போகாதே. வயசான, எதற்கும் அசராத ஒரு குதிரையை வெளிப்பக்கம் விட்டு, உன் குட்டியை உள்பக்கம் வை. ரோடு குறுகினால் ஒன்றின் பின் ஒன்று.
- பளீரென்ற மஞ்சளோ ஆரஞ்சோ, உனக்கும் போடு, குதிரைக்கும் போடு. வெயில் நாளிலும்தான். மரநிழலில் பழுப்புக் குதிரை கண்ணுக்கே தெரியாது.
- பனி, இருட்டு, எது இருந்தாலும் வீட்டில் இரு.
- போனைச் சேணப் பையில் வைக்காதே. நீ விழுந்து குதிரை ஓடினால் போனும் அதோடு ஓடிவிடும். உன் உடம்பிலேயே இருக்கட்டும். சேணத்தில் உன் நம்பர் எழுதின ஓர் அட்டையை மட்டும் கட்டு.
- தலைக்கவசம் தரமுத்திரை உள்ளதாக இருக்கட்டும். ஒருமுறை தலை அடிபட விழுந்தால் அது முடிந்தது, புதிது வாங்கு. கீறல் இல்லையே என்று பார்க்காதே, உள்ளே நொறுங்கியிருக்கும்.
- உன் குதிரை அடுத்தவர் காரை உதைத்தால் யார் கொடுப்பது? பிரிட்டிஷ் ஹார்ஸ் சொசைட்டியின் தங்க உறுப்பினர் திட்டத்தில் மூன்றாம் நபர் காப்பீடு சேர்ந்தே வரும். முதல் மைலுக்கு முன்னால் எடு.

மெதுவாகப் போன டிரைவருக்கு ஒரு புன்னகை, ஒரு தலையசைப்பு. கையை எடுக்க முடியாவிட்டால் தலையை அசைத்தாலே போதும். அடுத்த குதிரைக்கும் அவர் மெதுவாகப் போவார்.

9. பாதையை வரைபடத்தில் பார், ஆசையில் பார்க்காதே

எல்லோருக்கும் சவுத் டவுன்ஸ் வே மேல்தான் கண். வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை, சரியாக 100 மைல், முழுவதும் குதிரை போகலாம். படம் பிரமாதமாக வரும். ஆனால் அது சுண்ணாம்பு மலைத்தொடர். ஏறி இறங்கி, ஏறி இறங்கி, எல்லாம் சேர்த்தால் 4,000 மீட்டருக்கு மேல் ஏற்றம். தரையில் கூர்க்கல் குளம்பைக் குத்தும். மழை பெய்தால் சுண்ணாம்பு வழுக்கும். மேலே தண்ணீர் கிடைப்பது அரிது. வழியெல்லாம் கேட், ஒவ்வொன்றையும் திறந்து மூடவேண்டும். இளம் குதிரையை ஒரே வாரத்தில் இதில் இழுத்துப்போகிறேன் என்று சொன்னால், நான் வந்து கயிற்றைப் பிடுங்கிக்கொள்வேன்.

95 மைலை உன் லாயத்தைச் சுற்றியுள்ள பழகின பாதையிலேயே முடி. கடைசி ஐந்து மைலுக்கு மட்டும், நல்ல வெயில் காய்ந்த நாளில், டவுன்ஸ் மேலே கூட்டிப்போ. அந்தப் படத்தையும் எடுத்துக்கொள்.

ஆர்டனன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் வரைபடத்தில் பச்சை நிற நீளக் கோடு குதிரைப் பாதை. பச்சைக் குட்டிக் கோடு நடப்பவர்களுக்கு மட்டும். இரண்டையும் குழப்பிக்கொண்டு ஆள் நடக்கும் பாதையில் குதிரையோடு போய் விவசாயியிடம் திட்டு வாங்காதே. புதுப் பாதை என்றால் முதல் நாள் நீ மட்டும் நடந்து பார். எங்கே நாய், எங்கே பாலம், எங்கே கம்பிவேலி என்று தெரிந்துவிடும்.

இந்தப் பாதைகள் சும்மா வந்துவிடவில்லை. வடக்கே பெனைன் மலைப்பக்கம் குதிரைக்குத் தொடர்ச்சியான பாதை வேண்டும் என்று காட்ட, மேரி டவுன்லி என்ற பெண் 1986-ல் நார்தம்பர்லாந்தின் கார்பிரிட்ஜிலிருந்து டார்பிஷயரின் ஆஷ்போர்ன் வரை 250 மைல் குதிரையில் போனார். இன்று அங்கே இருக்கும் பெனைன் பிரைடில்வே என்ற குதிரைப் பாதையின் 47 மைல் வளையத்துக்கு அவர் பெயர்தான். கேட்டைத் திறந்தால் மறக்காமல் மூடு.

10. தீனி, தண்ணீர், வெயில்

நம் ஊரில் குதிரை என்றதும் கொள்ளு ஞாபகம் வரும். 'உழைக்கிறதே பாவம்' என்று தானியத்தை அள்ளிப் போடாதே. வாரத்துக்கு 11 மைல் நடக்கும் குதிரைக்கு நல்ல காய்ந்த புல்லும், உப்புக்கட்டியும், தாதுச்சத்து கொஞ்சமும் போதும். ஏப்ரல், மே மாதப் பசும்புல்லில் சர்க்கரை அதிகம். காப், போனி வகைகளுக்கு அதிலேயே குளம்புக்குள் வீங்கி நிற்க முடியாமல் போகும். மேய்ச்சலை அளந்து விடு. வயலில் மஞ்சள் பூப்பூக்கும் ராக்வொர்ட் செடியைக் கண்டால் கையுறை போட்டு வேரோடு பிடுங்கு. காய்ந்தாலும் ஈரலைக் கெடுக்கும் விஷம் அது.

உன் குதிரை இன்னும் எலும்பு தெரியும் நிலையில் இருந்தால் சவாரிப் பேச்சையே விடு. பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று தானியம் கொடுத்தால் உயிருக்கே ஆபத்து. மருத்துவர் சொன்ன அளவு, சின்னச் சின்னதாக, அடிக்கடி.

வேர்த்து வந்த குதிரைக்குத் தண்ணீர் காட்டக்கூடாது என்பது பழைய பேச்சு. குடிக்கட்டும். வெயில் நாளில் உடம்பு முழுக்கக் குளிர்ந்த தண்ணீரை நிறுத்தாமல் ஊற்று. வழித்து எடுக்க நேரம் வீணாக்காதே; ஊற்றிக்கொண்டே இரு.

நாடி பார்க்கப் பழகு. தாடைக்கு அடியில் விரலை வைத்து 15 விநாடி எண்ணி, நாலால் பெருக்கு. ஓய்வில் நிமிஷத்துக்கு 28 முதல் 44 வரை இருக்கும். தொலைதூரப் போட்டிகளில் சவாரி முடிந்த குதிரைக்கு 64 என்று வரம்பு வைப்பார்கள். நடந்து மட்டும் வந்த உன் குதிரை, நின்ற பத்து நிமிஷத்துக்குப் பிறகும் அறுபதைத் தாண்டி இருந்தால் நீ அதிகம் வேலை வாங்கிவிட்டாய். அடுத்த முறை பாதித் தூரம்.

11. பணம் திரட்டும்போது மைலுக்கு இவ்வளவு என்று கேட்காதே

'மைலுக்கு ஒரு பவுண்டு கொடுங்கள்' என்று எல்லோரும் கேட்பார்கள். நீ கேட்காதே. அப்படிக் கேட்டால் குதிரை நொண்டும் நாளில் உன் மனசு 'இன்னும் ஆறு மைல், ஆறு பவுண்டு போகுமே' என்று கணக்குப் போடும். நல்லவர்கள் மனசும் போடும். மொத்தமாக ஒரு தொகை வாங்கு, முன்கூட்டியே வாங்கு. உன் பக்கத்தில் முதல் வரியிலேயே எழுது: 'எங்கள் இலக்கு 100 மைல். குதிரைக்கு முடியாவிட்டால் அங்கேயே நிறுத்துவோம். உங்கள் பணம் முழுவதும் அறக்கட்டளைக்குப் போகும்.' இப்படி எழுதினால் யாரும் குறைத்துக் கொடுக்கமாட்டார்கள். நம்பிக்கைதான் கூடும்.

இங்கே வரி கட்டுகிறவர் கிஃப்ட் எய்டு திட்டத்துக்குச் சம்மதம் கொடுத்தால், ஒவ்வொரு பவுண்டுக்கும் அரசாங்கம் 25 பென்ஸ் சேர்த்து அறக்கட்டளைக்குக் கொடுக்கும். சம்மதத்தை அவரவரே கொடுக்க வேண்டும். நீ அவருக்காக டிக் போடாதே. உன் லாடச் செலவு, பெட்ரோல் செலவு எதையும் திரட்டிய பணத்தில் தொடாதே. கோயில் குழு, பள்ளிக்கூடப் பெற்றோர் குழு, ஆபீஸ் குழு, மூன்றிலும் வாரத்துக்கு ஒரே ஒரு செய்தி. தினம் அனுப்பினால் சத்தத்தை நிறுத்திவிடுவார்கள். மெலிந்து கிடந்த பழைய படத்தை ஒருமுறை போட்டால் போதும். மற்றபடி இன்று எப்படித் தேறியிருக்கிறது என்று காட்டு.

12. உடனே நிறுத்த வேண்டிய நாள்

இதை எழுதி லாயத்துக் கதவில் ஒட்டு.

- நடையில் தலை ஆட்டினால், ஒரு காலைக் காத்துக்கொண்டால்
- ஒரு கால் மற்றதைவிடச் சூடாகவோ வீங்கியோ இருந்தால்
- சேணம் எடுத்ததும் முதுகில் முடி உரசியோ, வேர்வைக்கு நடுவில் காய்ந்த திட்டோ இருந்தால்
- வயிற்றுப்பட்டை கட்டும்போது கடிக்க வந்தால்
- சாப்பாட்டைத் தொடாமல் நின்றால், சாணம் குறைந்தால்

இதில் ஒன்று இருந்தாலும் அன்றைக்குச் சவாரி இல்லை. 'நடக்க நடக்கச் சரியாகிவிடும்' என்று லாயத்தில் யாராவது ஒரு பெரியவர் கட்டாயம் சொல்வார். மரியாதையாகத் தலையாட்டிவிட்டு மருத்துவருக்குப் போன் பண்ணு.

சரி, இன்றைக்கு என்ன செய்யவேண்டும்? சமையல் முடிந்ததும் அந்த ஒப்பந்தக் காகிதத்தை எடு. அறக்கட்டளைக்கு மின்னஞ்சல் போடு. நாளைக்கு மருத்துவரிடம் நேரம் வாங்கு. சனிக்கிழமை காலையில் சேணத்தைத் தொடாமல், தலைக்கயிறு மட்டும் மாட்டி, உன் குட்டியோடு ஒரு மைல் நடந்துவிட்டு வா. வந்ததும் நாலு காலையும் தடவிப் பார்த்துச் சூடு இருக்கிறதா என்று நோட்டில் எழுது. அந்த ஒரு மைலையும் கணக்கில் சேர்த்துக்கொள். இன்னும் 99 இருக்கிறது, நேரமும் இருக்கிறது.